சிறப்புக் கல்வி வகுப்பின் கடைசி அரை மணி நேரம் குறித்து

அன்பார்ந்த பெற்றோர்களே,

வணக்கம். இந்தத் தவணை நல்லபடியாக முடிவுக்கு வருகிறது. பொங்கல் விழா, குறுக்கோட்டம், வாசிப்பு வாரம் எல்லாம் சிறப்பாக நடந்தேறின. பரிசு பெற்ற மாணவர்களுக்கும் பயிற்சி அளித்த ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். வகுப்பறைகளுக்குச் சாயம் பூசித் தந்த பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நன்றி.

சிறப்புக் கல்வி வகுப்புப் பெற்றோரிடம் ஒன்று பேச வேண்டியிருக்கிறது. பள்ளி முடிவது 12.30 மணிக்கு. சிலர் 12 மணிக்கே வாசலில் வந்து நிற்கிறீர்கள். பினாங்குப் பாலத்தில் நெரிசல் கூடுவதற்குள் தீவுக்குப் போக வேண்டும் என்கிறீர்கள். "கடைசியில் விளையாட்டுதானே, டீச்சர்" என்றும் சொல்கிறீர்கள். விளையாடுவதை விட்டு நாலு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்படி புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். பிள்ளை வாய் திறந்து "அம்மா" என்று கூப்பிடக் காத்திருப்பவர்களின் ஆதங்கம் அது. எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆசிரியை சோப்புக் குமிழி ஊதுகிறார். பிள்ளைகள் துள்ளுகிறார்கள். உடனே புட்டியின் மூடியை இறுக்கி ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மனத்துக்குள் பத்து வரை எண்ணுகிறார். மூடியைத் திறக்க அவனால் முடியாது, ஆள் வேண்டும். ஆசிரியையின் முகத்தைப் பார்க்கிறான், புட்டியை நீட்டுகிறான், சில நாள் "இன்னும்" என்ற பட அட்டையை எடுத்துக் கொடுக்கிறான். பேச்சு வராத பிள்ளைக்கு இன்னொருவரிடம் கேட்டுப் பெறலாம் என்பது இப்படித்தான் பிடிபடுகிறது. நாமே முந்திக்கொண்டு ஊதிவிட்டால் அவன் எதற்காகக் கேட்கப் போகிறான்?

பல்லாங்குழியில் "என் முறை, உன் முறை" பழகுகிறார்கள். அடுத்தவர் காய் போட்டு முடிக்கும்வரை கையை மடியில் வைத்துக் காத்திருப்பது சில பிள்ளைகளுக்குப் பெரிய சாதனை. உரையாடலிலும் அதே ஒழுங்குதான் வேண்டும்.

பட அட்டையால் பேச்சு வராமலே போய்விடுமோ என்று சிலர் அஞ்சுகிறீர்கள். 1985-இல் அமெரிக்காவின் டெலவேரில் ஆண்டி போண்டி, லோரி ஃபிராஸ்ட் என்ற இருவர் உருவாக்கிய, பட அட்டையைக் கொடுத்து வேண்டியதைக் கேட்கப் பழக்கும் படப் பரிமாற்ற முறை இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. அட்டைகள் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சில பிள்ளைகள் அட்டையை நீட்டும்போதே சொல்லையும் சொல்லிப் பார்க்கிறார்கள்.

ஆகவே ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். அடுத்த வாரம் முதல், மருத்துவரைப் பார்ப்பது போன்ற அவசரக் காரணங்களுக்கு, முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் மட்டுமே 12.30-க்கு முன் பிள்ளையை அனுப்புவோம். வாசலில் இருக்கும் காவலரிடம் வாக்குவாதம் வேண்டாம். அவர் என் சொற்படி நடப்பவர். ஆட்டத்தின் நடுவில் ஒரு பிள்ளையை இழுத்துக்கொண்டு போனால், அவனுக்காகக் காத்திருந்த மற்றப் பிள்ளையும் கலங்கிப் போகிறான். இதில் விட்டுக்கொடுக்க என்னால் இயலாது.

வேன் நேரம், வேலை நேரம் இடிக்கிறது என்றால் நேரில் வந்து சொல்லுங்கள், வழி பார்ப்போம். வெள்ளிக்கிழமைகளில் அந்த அரை மணி நேரம் நீங்களும் வகுப்பில் உட்கார்ந்து விளையாடலாம். வீட்டில் தண்ணீரோ மைலோவோ கொடுக்கும்போது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறுங்கள், பிள்ளை ஏதோ ஒரு வழியில் கேட்கட்டும்.

தம் பழைய பல்லாங்குழிப் பலகையையும் ஒரு டப்பா சோழியையும் வகுப்புக்குக் கொடுத்த பாட்டிக்கும், வேலைக்கு நடுவே ஓடி வந்து பிள்ளைகளை அழைத்துச் செல்லும் உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்