நீலகிரியில் காட்டேஜ் நடத்துபவர்களுக்கு: அறைக்குள் கரிச்சட்டி வேண்டாம்

காட்டேஜ், ஹோம்ஸ்டே உரிமையாளர்களுக்கு வணக்கம்.

போன தை மாதம் என் தங்கை குடும்பம் கோவையிலிருந்து வந்திருந்தது. எங்கள் வீட்டில் இடம் போதாமல் ஊட்டிக்கு வெளியே ஒரு காட்டேஜில் தங்கினார்கள். ராத்திரி குளிர் தாங்கவில்லை என்றதும், அங்கிருந்த வாட்ச்மேன் அண்ணன் இரும்புச் சட்டியில் கணகணவென்று தணலைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். "புகையே வராதும்மா, கதவைச் சாத்திட்டுத் தூங்குங்க" என்றாராம். ஒரு மணி வாக்கில் பையன் வாந்தி எடுத்தான். தங்கைக்கு மண்டையைப் பிளக்கும் வலி, எழுந்தால் கால் துவள்கிறது. கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததும் மத்தியானம் சாப்பிட்ட பிரியாணியும்தான் காரணம் என்று நினைத்திருக்கிறார்கள். வாந்தியைக் கழுவக் கதவைத் திறந்து வைத்தார்கள், பிழைத்தார்கள்.

அந்த அண்ணன் மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல மனசோடுதான் செய்தார். எனக்குப் பயமே அதில்தான்.

புகை வராது என்கிறோமே, கரியின் ஆபத்தே அதுதான். விறகைச் சுட்டுக் கரியாக்கும்போதே புகைகிற சரக்கெல்லாம் போய்விடுகிறது. மிச்சம் பெரும்பாலும் கார்பன். அது மூடிய அறையில் கனன்றால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஈர விறகு புகைந்தால் கண் எரியும், இருமல் வரும், ஆள் எழுந்து வெளியே ஓடிவிடுவார். கரி தூங்க வைத்துவிடும். அதிலும் ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். அன்றைக்குத்தான் மலை ஏறி வந்தவருக்கு ஆக்சிஜன் ஏற்கெனவே குறைச்சல். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படித் தூக்கத்திலேயே போனவர்களைப் பற்றி நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

சரி, குளிருக்கு எதைத்தான் எரிப்பது? புகைபோக்கி வைத்த கணப்பு இருந்தால் மட்டும் எரியுங்கள். எரிப்பது காய்ந்த சீகையாக (வாட்டில் மரம்) இருக்கட்டும். கெட்டிக் கட்டை, நின்று எரியும். சோலைக்காட்டை விறகுக்காக வெட்டி அழித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம் அது. இன்று புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது, அதனால் எரிப்பதில் மனசு உறுத்தாது. (அதற்காக அரிவாளோடு கிளம்பிவிடாதீர்கள், அனுமதியோடு வெட்டிய விறகாகப் பார்த்து வாங்குங்கள்.) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நல்ல சூடு தரும். ஆனால் பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும். காய்ந்த பிறகு நார் முறுக்கிக்கொண்டு கோடாலியைத் திருப்பி அனுப்பும். தேயிலை மிலார் பற்றவைக்க அருமை. பைன் பிசின் மரம், படபடவென்று எரிந்து தீரும். பழைய பிளைவுட், பெயின்ட் அடித்த ஜன்னல் சட்டம் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

என்ன மரம் என்பதைவிட ஈரம்தான் பெரிய விஷயம். அன்று வெட்டிய கட்டையின் எடையில் பாதி தண்ணீராகக்கூட இருக்கும். மார்கழியில் லோடு சொல்லி மார்கழியிலேயே எரித்தால் அறையை விட்டுவிட்டு அந்தத் தண்ணீரைத்தான் காய்ச்சுகிறீர்கள். அணைந்து அணைந்து புகைவதால் புகைபோக்கிக்குள் தார் போலப் படிந்து, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. விறகு காய்வதற்குக் கிடைப்பது பிப்ரவரியிலிருந்து மே வரைதான். தையிலேயே வாங்கிப் பிளந்து, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கமெல்லாம் காற்றாட அடுக்குங்கள். தார்ப்பாயால் சுற்றிக் கட்டினால் பூசணம்தான் பூக்கும். காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் எல்லாம் இருக்கிறது. என் வீட்டில் இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்போம். காய்ந்தது 'டங்'கென்று பேசும், ஈரக்கட்டை 'தொப்'பென்று விழும்.

இன்னொன்று. ஜுவாலை அடங்கித் தணல் மட்டும் மிஞ்சும்போது உங்கள் கணப்பும் கரிச்சட்டிதான். சூடு போய்விடுமே என்று புகைபோக்கித் தகட்டை மூடுகிறார்கள். சாம்பல் ஆறும்வரை அதைத் தொடக்கூடாது. கணப்பு உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள், ஜன்னலை இரண்டு விரல் திறந்து வையுங்கள்.

இதையெல்லாம் நீங்கள் படித்தால் மட்டும் போதாது. ராத்திரி பத்து மணிக்கு "அண்ணே, குளிருது" என்று கதவைத் தட்டுபவருக்குப் பதில் சொல்வது உங்கள் வாட்ச்மேன். அவர் கையில் ரெண்டு கம்பளியும், வெந்நீர் ஊற்றிக்கொடுக்க நாலு ரப்பர் பையும் கொடுத்து வையுங்கள். கரிச்சட்டியை வாங்கி வெளியே வைத்துவிடுங்கள், சோளம் சுட ஆகும்.

இப்படிக்கு,
குன்னூரில் விறகு பிளக்கும் உங்கள் பக்கத்து ஊர்க்காரன்