பத்தாம் பாட்டிலிருந்து அனுப்பியது நான் அல்ல

மார்கழி முழுக்க என்னோடு பாட்டுக் கேட்ட எல்லோருக்கும்,

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஐந்து நாளாகிறது. இதை எழுதும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நேற்றுப் பட்டிப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூசிய மாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நடந்தது என்னவென்று உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

மார்கழியில் நாளுக்கு ஒரு பாட்டு என்று நான் உங்களுக்கு அனுப்புவதில், இந்த முறை கடைசி இரண்டு பாட்டும் வேறு எண்ணிலிருந்து வந்ததே, அது யார் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒன்பதாம் நாள் வரைதான் நான் அனுப்பினேன். பத்தாம் பாட்டிலிருந்து முப்பதாம் பாட்டு வரை உங்களுக்கு வந்து சேர்ந்தது, கோபியிலிருந்து காலை 5.40-க்கு ஈரோட்டுக்குக் கிளம்பும் ஒரு தனியார் பேருந்திலிருந்து. அதை ஓட்டும் அண்ணன் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே இங்கே அவர் அண்ணன் மட்டும்தான்.

வேலைக்காக நாலு வருடமாக அந்த வண்டியில் போகிறேன். ஏறியதும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிற பெண் என்றுதான் அவருக்கு என்னைத் தெரியும். மார்கழி பத்தாம் நாள் ஃப்ளாஸ்க்கும் ஒயர் கூடையுமாக ஏறினேன். கவுந்தப்பாடியில் வண்டி நின்றபோது திரும்பிப் பார்த்து, "ஏனுங் அம்மிணி, இன்னைக்குக் காதுல ஒண்ணையும் காணோம்?" என்றார். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், போன் எப்போது வரும் என்று தெரியாது, அதனால் மாட்டவில்லை என்றேன். என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை செலவு என்று எதையும் அவர் கேட்கவில்லை. அந்த நாட்களில் இந்த மூன்றையும் கேட்காத ஒரே மனிதர் அவர்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பாட்டையெல்லாம் வேற எதுலயாச்சும் வெச்சிருக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

வைத்திருந்தேன். முப்பது பாட்டையும் மார்கழி பிறக்கும் முன்பே வரிசைப்படுத்தி, எண் போட்டு, சாவிக் கொத்தில் தொங்கும் பென் டிரைவில் ஏற்றி வைப்பது என் வழக்கம். அதைக் கழற்றிக் கொடுத்தேன். ஒரு மரியாதைக்குக் கேட்கிறார், ஈரோடு போனதும் திருப்பித் தந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அந்த வண்டியின் செட்டில் இளையராஜாவைத் தவிர வேறொன்று ஓடி நான் கேட்டதே இல்லை. காலை ட்ரிப்புக்கு அவர் போடும் வரிசை, ஹெட்போனையும் மீறிக் காதில் விழுந்து விழுந்து, எனக்கு மனப்பாடம். அன்றைக்குக் கவுந்தப்பாடி தாண்டியதும், வெல்லம் காய்ச்சுகிற வாசம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தபோது, அந்த வரிசை நின்றது. பத்தாம் பாட்டு தொடங்கியது. ஒரு பெண் தன் அறையிலேயே உட்கார்ந்து, ஒரே ஒரு கிதாரை வைத்துக்கொண்டு பதிவு செய்த பாட்டு. இடையில் எங்கோ ஒரு குக்கர் விசில்கூடக் கேட்கும். எத்தனையோ முறை காதுக்குள் கேட்ட பாட்டு, ஐம்பது பேர் இருக்கிற வண்டியில் பெரிய ஸ்பீக்கரில் வந்தபோது, வேறு யாரோ என்னிடம் பேசுவதுபோல இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதிலிருந்து அன்றுதான் முதலில் அழுதேன்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். "பழைய பாட்டைப் போடுங்க" என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. கண்டக்டர் தம்பி, "ஒரே ஒரு பாட்டுங்க, அப்புறம் நம்ம பாட்டுதான்" என்று சமாதானம் சொன்னார். மறுநாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் யாரும் கேட்கவில்லை. பதினாறாம் பாட்டு முடிந்தபோது, பூக்கூடையோடு வருகிற ஆத்தா ஒருவர், "அந்தப் புள்ள பாடுனதை இன்னொருக்காப் போடு சாமி" என்றார். அண்ணன் மறுபடியும் போட்டார். பதினாறாம் பாட்டுக்குக் கீழே "பூக்கார ஆத்தா இரண்டு முறை கேட்டார்" என்று எழுதியிருந்ததைப் படித்து, என் எழுத்து மாறியிருக்கிறதே என்று சிலர் சொன்னீர்கள். சரியாகத்தான் கண்டுபிடித்தீர்கள். அதை எழுதியது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற கல்லூரிப் பெண். "அக்கா, போனைக் குடுங்க, ரெண்டே நிமிஷம்" என்று வாங்கி, பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் போட்டு, வண்டிக்குள் யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி சேர்த்து, உங்களுக்கு அனுப்பிவிட்டுத் தருவாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்த பிறகு நான் வண்டியில் ஏறவில்லை. ஆனாலும் இருபத்தொன்பதாம் பாட்டும் முப்பதாம் பாட்டும் அதே இடத்தில், அதே நேரத்தில் ஓடியிருக்கின்றன. அவள் தன் போனிலிருந்தே அனுப்பியிருக்கிறாள்.

ஆனால் நான் இந்த மடலை எழுதுவது பாட்டுப் போட்டதற்காக மட்டும் இல்லை. அந்தச் சத்தத்தைக் குறைத்ததற்காக.

அவர் பாட்டுப் போட ஆரம்பித்த இரண்டாம் நாள் சித்தோடு பக்கம் போகும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. செட் முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "கேக்கலைங்க, கேக்கலைங்க" என்று கத்தினேன். ஒரு மருந்துச் சீட்டு விஷயம்தான், பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அரை நிமிடம் என்ன நினைத்தேன் என்பதை என்னால் எழுத முடியாது.

அதற்குப் பிறகு ஒருமுறைகூட நான் கத்த வேண்டியிருக்கவில்லை. போன் வந்தால், அதை எடுத்துக் காதில் வைப்பதற்குள் செட்டின் சத்தம் தணிந்துவிடும். நான் பேசி முடித்துப் போனை மடியில் வைத்ததும் மெதுவாக ஏறும். எப்படி என்று முதலில் புரியவில்லை. என் போன் அடிப்பது எஞ்சின் இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்க முடியாது. நாலைந்து நாள் கழித்துத்தான் பிடிபட்டது. போன் அதிரும்போதெல்லாம் என் தோள் திடுக்கிட்டு நிமிர்கிறது. அதைத்தான் அவர் உள்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். எதிரே லாரி, பனி, டைமிங்குக்கு ஓட வேண்டிய வண்டி. அதற்கு நடுவில் ஒரு கண்ணை என் தோள் மேலும் வைத்திருந்திருக்கிறார்.

இருபத்துமூன்றாம் நாள் அந்தப் போன் வந்தது. சத்தம் தணிந்தது. வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், காலையில் கஞ்சி கேட்டாராம் என்றாள் அக்கா. போனை வைத்த பிறகும் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. வழக்கமாக ஏறுகிற சத்தம் அன்றைக்கு ஏறவில்லை. வண்டியே அமைதியாக இருந்தது. நான் கண்ணாடியைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். "பாட்டைப் போடலாமுங்களா அம்மிணி?" என்று கேட்டார்.

"போடுங்கண்ணா" என்றேன்.

எனக்கு இந்தப் பாட்டுகளின் மேல் எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று முன்பே சொல்லியிருக்கிறேன். 2012-இல் கோயம்புத்தூர் ஆதியும் ஈரோட்டு ஜீவாவும் 'ஹிப் ஹாப் தமிழன்' என்ற ராப் பாட்டுத் தொகுப்பைக் கொண்டுவந்தபோது, சினிமாவின் வாசலில் நிற்காமலேயே நம்மூர்ப் பையன்கள் பாட்டுப் போட முடியும் என்று தெரிந்தது. அதற்கப்புறம் தேடித் தேடிக் கேட்டேன். மார்கழி என்றால் சபாக் கச்சேரி என்று மட்டும் இருந்த நிலையில், 2020-இல் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' என்ற இசை விழாவைத் தொடங்கியது. அதே மார்கழியில், நோய்க்குப் பயந்து எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது, நானும் நாளுக்கு ஒரு பாட்டு என்று உங்களுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். சினிமாப் பாட்டாக இருக்கக் கூடாது, அந்த வருடம் வந்ததாக இருக்க வேண்டும், முடிந்தவரை காசு கொடுத்து வாங்கியதாக இருக்க வேண்டும். இந்த மூன்று விதிகளோடு இது ஆறாவது மார்கழி.

மூன்றாவது விதியில் நான் ஏன் இத்தனை பிடிவாதமாக இருக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு இன்னொரு தடவை சொல்கிறேன். பாடுகிறவர்களே தங்கள் பாட்டை விற்கும் இணையத்தளமான பேண்ட்கேம்ப்பில் ஒரு பாட்டை வாங்கினால் தளம் எடுத்துக்கொள்வது 15 விழுக்காடு, பணம் அனுப்புகிற கட்டணமும் போக மீதி பாடியவருக்கு. வாங்காமல் ஓடவிட்டுக் கேட்கும் ஸ்பாட்டிஃபையில் 30 நொடியாவது ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 2024-லிருந்து, பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே உரிமைத்தொகையே கிடையாது. பெரிய பாட்டுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. அறையில் உட்கார்ந்து பாடுகிறவர்களுக்கு இது பெரிய மதில்.

பேருந்தில் பென் டிரைவில் ஓடியது எந்தக் கணக்கிலும் சேராது. ஆனால் வண்டியை விட்டு இறங்கியவர்கள் சும்மா போகவில்லை. மில்லுக்குப் போகிற பெண்கள் பெயர் கேட்டுத் தங்கள் போனில் தேடினார்கள். கண்டக்டர் தம்பி டிக்கெட்டின் பின்பக்கத்தில் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்களும் கேட்டீர்கள். பட்டியலில் சேர்த்தபோது ஆயிரத்துக்கு வெகு கீழே நின்ற பதினாறாம் பாட்டு, தை பிறப்பதற்குள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பூக்கார ஆத்தா இரண்டு முறை கேட்டார் என்று அந்தப் பாட்டைப் பாடிய பெண்ணுக்கு எழுதினேன். அதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருப்பதாகப் பதில் போட்டிருக்கிறாள்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். ரத்தம் கொடுக்க பெருந்துறையிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வந்த இரண்டு பேர், எனக்குப் பதிலாக வருடக் கடைசிக் கணக்கை முடித்துக் கொடுத்த அலுவலக நண்பர்கள், விடியக் காலையில் எங்கள் மாட்டைப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிய பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா, ஒரு நாளும் தவறாமல் அக்காவுக்கு அரிசிம்பருப்புச் சாதம் கொடுத்தனுப்பிய பெரியம்மா, பெயர் சொல்லாமல் பணம் போட்டவர்கள். போகியன்று காப்புக் கட்டுகிற நினைப்பே எங்களுக்கு இல்லை. விடிந்து பார்த்தால் கூரையிலும் கேட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் செருகியிருந்தது. யார் கட்டியது என்று இன்னும் தெரியவில்லை. யாராக இருந்தாலும், உங்களை நினைத்துக்கொண்டுதான் பொங்கல் வைத்தோம்.

ஒரு நாள் சாயங்காலம் திரும்பி வரும்போது அண்ணன் கேட்டார், "இதெல்லாம் சினிமாப் பாட்டில்லையாம்மா? அப்ப எங்கப்பன் பாடுனதும் இந்தக் கணக்குத்தானுங்களே?" அவருடைய அப்பா உடுக்கையடித்து அண்ணன்மார் சாமி கதை பாடியவராம். பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் கதை அது, பல இரவுகள் பாடினால்தான் முடியும். எனக்கு அந்தக் கேள்வி அன்று தூக்கத்தைக் கெடுத்தது. 1960-களில் காங்கயம் பக்கம் வந்து தங்கிய பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் அந்தக் கதைப்பாட்டை ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்தார். நான் தினமும் ஏறுகிற வண்டியில் அந்தக் கதை ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது, நானோ நாலு வருடமாகக் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மார்கழியின் முதல் பாட்டு அண்ணன் பாடுவதுதான். பதிவு செய்யும் செலவு என்னுடையது, உரிமை அவருடையது. கேட்டதும் முதலில் மறுத்தார். "தொண்டையெல்லாம் போயிருச்சுங்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "உடுக்கை இன்னும் பரண்மேலதான் கெடக்குது, தோலை மட்டும் மாத்தோணும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டதாகத்தான் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வரச் சொல்லி அண்ணனை அப்பாவே போனில் கூப்பிட்டார். நோம்பிக் கூட்டம், லீவு கிடையாது என்றார் அண்ணன். அதனால் இன்று காலை ஐந்தேகாலுக்கே தூக்குப் போசியில் சர்க்கரைப் பொங்கலும் கச்சாயமும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அண்ணனும் கண்டக்டர் தம்பியும் வண்டிக்கு முன்னால் நின்றே சாப்பிட்டார்கள். பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். செட்டிலேயே இருக்கட்டும் என்றேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார், சொன்னேன். போசியைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டு மணியைப் பார்த்தார்.

"ஏறுங் அம்மிணி, கவுந்தப்பாடி வரைக்குமாச்சும் வாங். ரெண்டு பாட்டுக் கேட்டுட்டு எறங்கிக்கலாம்."

ஏறினேன்.