நீர்மட்டத்தோடு கரையின் நிலையையும் வெளியிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழில் தினமும் வரும் ஏரி நீர்மட்டப் பட்டியலைப் பார்க்காதவர்கள் வடசென்னையில் குறைவு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை என்று வரிசையாக இருப்பும் வரத்தும் வெளியேற்றமும் அதில் இருக்கும். கோடையில் குழாயில் தண்ணீர் வருமா என்பதற்கு அந்தப் பட்டியல் பதில் சொல்கிறது. கரை எப்படி இருக்கிறது, மதகு ஏறி இறங்குகிறதா என்பதற்கு அதில் இடமில்லை. அந்த இடத்தை ஒதுக்கக் கோரியே இதை எழுதுகிறோம்.

புழல் ஏரி 1870-களில் நகரக் குடிநீருக்காக உருவான தேக்கம். முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, முழு உயரம் 21.20 அடி. சராசரியாக ஓர் அடிக்கு 156 மில்லியன் கன அடி. மேலே போகப் போக நீர்ப்பரப்பு விரிவதால் கடைசி அடிகளுக்கு 200-ஐ ஒட்டி வரும். வினாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் 86.4 மில்லியன் கன அடி சேரும். 5,000 வீதம் வந்தால் 432. ஏற்கெனவே நிறைந்து நிற்கும் ஏரிக்கு அப்படி ஒரு நாள் வாய்த்து, உபரிநீர் மதகும் திறக்காமல் போனால், மட்டம் சுமார் இரண்டு அடி ஏறிவிடும். நிறைமட்டத்துக்கும் கரையின் தலைக்கும் நடுவே விட்டிருக்கும் உயரம் புயல் காற்றில் எழும் அலைக்காக விட்டது. அதைக் கூடுதல் கொள்ளளவாக நினைத்துத் தண்ணீர் பிடிக்கக் கூடாது. கல் அணையின் தலைமேல் தண்ணீர் வழிந்தாலும் சில மணி நேரம் தாங்கக்கூடும். மண் கரை தாங்காது. வெளிச்சரிவின் மண்ணை அரித்துக்கொண்டே மேலேறி, கரையையே அறுத்துவிடும்.

ஆனால் வழிந்து உடைவதைவிடச் சத்தமில்லாமல் நடப்பது கசிவால் வரும் உடைப்பு. மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்த நீராக, எப்போதும் வரும் இடத்தில், ஏரி மட்டத்துக்கு ஏற்ற அளவில் வந்தால் பயமில்லை. நீர் கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். உள்ளே எலிவளை போல ஒரு பாதை வெளியிலிருந்து ஏரியை நோக்கி வளரும். அது ஏரியைத் தொட்டுவிட்டால் பிறகு நேரம் மணிக்கணக்கில்தான். கரையைக் குடைந்து போகும் மதகுக் குழாயின் வெளிச்சுவரை ஒட்டியே இது பெரும்பாலும் தொடங்கும். கட்டடமும் மண்ணும் சேரும் அந்த இடத்தில் மண்ணை நன்றாக இடித்து இறுக்குவது கட்டும்போதே கடினம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் வேண்டாம். கரையடியில் ஓடும் வடிகாலில் 90 பாகை முக்கோண வெட்டுள்ள ஒரு தகட்டை நிறுத்தி, பின்னால் ஓர் அளவுகோல் நட்டால் போதும். வெட்டின் முனையிலிருந்து 5 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றால் வினாடிக்கு ஏறத்தாழ 0.8 லிட்டர் போகிறது. 10 செ.மீ. நின்றால் சுமார் 4.4 லிட்டர். உயரம் இரட்டித்தால் அளவு ஐந்து மடங்குக்கும் மேல் என்பதால் சிறு மாற்றமும் தப்பாது. தினமும் ஒரே நேரத்தில் அளந்து, பக்கத்திலேயே அன்றைய ஏரி மட்டத்தையும் மழையளவையும் எழுத வேண்டும். மழையும் இல்லாமல், மட்டமும் ஏறாமல் கசிவு மட்டும் கூடினால் அதுதான் எச்சரிக்கை. கூடவே ஒரு கண்ணாடி பாட்டிலில் கசிவு நீரைப் பிடித்து ஒரு நாள் அசையாமல் வைத்தால், அடியில் வண்டல் படிகிறதா என்று யாரும் பார்க்கலாம்.

கலங்கிய ஊற்று தெரிந்தால் செய்யும் முதல் தவறு, அதன் வாயில் களிமண்ணைக் கொட்டி அடைப்பது. பதற்றத்தில் இதைத்தான் செய்கிறார்கள். அடைபட்ட நீர் கரைக்குள் அழுத்தத்தைக் கூட்டி, பலவீனமான வேறோர் இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். நீரை வெளியேற விட வேண்டும், மண்ணைத்தான் பிடித்து நிறுத்த வேண்டும். ஊற்றின் மேல் முதலில் பெருமணல் அரை அடி, அதற்கு மேல் பொடி ஜல்லி அரை அடி, கடைசியாக 20 முதல் 40 மி.மீ. ஜல்லியும் பாரத்துக்குக் கருங்கல்லும் போட வேண்டும். வரிசை மாறக் கூடாது. வேகம் அதிகமாக இருந்தால் சுற்றிலும் மணல் மூட்டையை வளையமாக அடுக்கி, உள்ளே நீரை ஓரளவு நிற்க விடலாம். களிமண்ணுக்கு வேலை ஏரியின் உட்பக்கத்தில்தான். இந்த மணலும் ஜல்லியும் மூட்டைகளும் செப்டம்பர் முடிவதற்குள் கரையிலேயே குவிந்திருக்க வேண்டும். கொட்டும் மழையில், ஜி.என்.டி. சாலை நெரிசலில், லாரி வந்து சேராது.

கரையில் வளரும் மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீமைக்கருவேலம், அரசு, வேம்பு எதுவாக இருந்தாலும் கரைக்கு ஆகாது. மழைக்கு முன் அடிமரத்தோடு அறுத்துவிட்டுக் கணக்கு முடிப்பது இன்னும் கெடுதல், ஏனென்றால் உள்ளே விட்ட வேர் சில ஆண்டுகளில் மக்கி, அதே இடத்தில் ஆயத்தமான குழாய் ஒன்று உருவாகிவிடும். மட்டம் தாழ்ந்திருக்கும் மாதங்களில் வேரோடு தோண்டி எடுத்து, அதே வகை மண்ணை ஈரப்பதம் பார்த்து அரை அடி அரை அடியாகப் போட்டு இடிக்க வேண்டும். பெருச்சாளி வளைகளுக்கும் இதே கவனம் தேவை. அருகம்புல் இருந்தால் போதும். அது மண்ணைப் பிடிக்கும், கசிவையும் மறைக்காது.

விரிசலைப் பார்த்தவுடன் சிமெண்ட் பூசுவதும் தவறு. இரு பக்கமும் முளை அடித்து இடைவெளியை வாரம் ஒருமுறை அளக்க வேண்டும். ஆழம் தெரிய சுண்ணாம்புப் பாலை ஊற்றி, அருகில் குழி தோண்டிப் பார்த்தால் வெள்ளைத் தடம் எதுவரை போகிறது என்று தெரிந்துவிடும். 2019 கோடையில் வறண்டது போல ஏரி காய்ந்தால் களிமண் சுருங்கி வெடிக்கும். அடுத்த மழையில் வேகமாக நிரப்பும்போது அந்த வெடிப்புகளே நீர்ப்பாதை. கரைமேல் தார் போட்டிருந்தால் விரிசல் கண்ணுக்கே தெரியாது.

மதகு பற்றி அண்மைக்கால அனுபவங்களே போதும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 2021 நவம்பரில் கடப்பை மாவட்டத்தின் அன்னமய்யா அணையில் ஒரு மதகு இயங்காத நிலையில் வெள்ளம் மண் கரையைத் தாண்டி, அதை அடித்துக்கொண்டு போனது. 2024 ஆகஸ்டில் துங்கபத்திரையில் 19-ஆம் மதகின் சங்கிலி அறுந்தது. தடுப்புத் தகடுகளை உருவாக்கி ஓடும் நீரில் இறக்க ஒரு வாரம் ஆனது. எனவே ஷட்டருக்கு வண்ணம் அடித்துவிட்டால் போதாது. அதை ஏற்றி இறக்கும் திருகுத்தண்டு வளையாமல் இருக்கிறதா, ஷட்டர் ஓடும் காடியில் சேறு அடைத்திருக்கிறதா, ரப்பர் சீல் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து, மாதம் ஒருமுறை ஏற்றி இறக்கி, எத்தனை நிமிடம் ஆனது என்று எழுத வேண்டும். மின்சாரம் இல்லாமல் கைச்சுழற்சியால் ஒருமுறை, ஜெனரேட்டரால் ஒருமுறை. தடுப்புத் தகடுகள் ஏரிக்கரையிலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்று, கரையின் பாதுகாப்பு கரையோடு முடிவதில்லை. புழலிலிருந்து திறக்கும் உபரிநீர் வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையன்குப்பம் வழியாக எண்ணூரில் கடலுக்குப் போக வேண்டும். அந்தக் கால்வாயில் ஆகாயத்தாமரையும் கட்டடக் கழிவும் அடைத்து, கொசஸ்தலை ஆறும் வெள்ளத்தில் இருந்து, கடலும் ஏற்றத்தில் இருந்தால் நீர் வடியாது. கீழே வீடுகள் மூழ்குமே என்ற தயக்கத்தில் மேலே மதகு தாமதமாகும். தாமதித்துவிட்டு ஒரேயடியாகத் திறந்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில், செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வந்தபோது, அடையாற்றங்கரை அனுபவித்தது. அதனால் கொசப்பூரில் தூர் வாருவதும் புழல் கரையைக் காக்கும் வேலைதான். இரண்டையும் ஒரே அதிகாரியின் பொறுப்பில், ஒரே கால அட்டவணையில் வைக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யச் சொல்கிறது. ஏற்கெனவே உள்ள அணைகளுக்கு அவசரகாலச் செயல்திட்டம் வகுக்க ஐந்தாண்டு அவகாசம் தந்தது. அது 2026 டிசம்பரில் முடிகிறது. கரையின் உயரத்தை வைத்து எந்த ஏரி அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று பார்ப்பதைவிட, கரைக்குக் கீழே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பதே சரி. நகரத்துக்குக் குடிநீர் தரும் எல்லா ஏரிகளுக்கும் இதே நடைமுறை வேண்டும். எந்தத் தெரு எத்தனை அடி மூழ்கும் என்ற வரைபடம் வார்டு அலுவலகங்களிலும் ரேஷன் கடைகளிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

தங்கள் பட்டியலில் நாங்கள் கேட்பது நான்கே பத்திகள்: கரையடிக் கசிவு வினாடிக்கு எத்தனை லிட்டர், அது தெளிவா கலங்கலா, மதகு கடைசியாக ஏற்றி இறக்கப்பட்ட தேதி, உபரிநீர்க் கால்வாய் கொசப்பூரில் எத்தனை கன அடி தாங்கும் நிலையில் உள்ளது. நீர்வளத் துறையிடம் இந்தத் தகவல்களைத் தினமும் கேட்டு வாங்குங்கள். பதில் வராத நாளில் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியாளர்கள் சிலர்,
செங்குன்றம்.