முதல் நொடிக் காற்று

அன்புள்ள தம்பி,

நீ வெல்டிங் செய்வதை எடுத்து அனுப்பிய படம் வந்தது. அம்மா தீப்பொறியைப் பார்த்துப் பூரித்துப்போனாள். என் கண் புகையில்தான் போய் நின்றது. ராடு, அதாவது உருகி மூட்டை நிரப்பும் கம்பி, அதன் முனையிலிருந்து எழும் புகை நேராக உன் முகமறைப்பு ஷீல்டின் அடிப்பக்கம் நுழைகிறது. முப்பத்தொரு வருடம் நானும் அப்படித்தான் குனிந்து கிடந்தேன். உருகுகிற இடம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோவோம். சூடான புகை வேறு எங்கே போகும்? மேலேதானே வரும்.

"ஷீல்டு போட்டிருக்கிறேனே அப்பா" என்று போனில் சொன்னாய். அது கண்ணையும் தோலையும் காக்கும். வெல்டிங் புகையின் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவானவை. மூக்கு முடியில் சிக்காமல், சளியில் ஒட்டாமல், நுரையீரலின் காற்றுப்பை வரைக்கும் போய்விடும். அந்தப் புகையில் பெரும்பகுதி நாம் பற்றவைக்கும் தகட்டிலிருந்து வருவதில்லை, ராடிலிருந்துதான் வருகிறது. இது எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

போன மாதம் நுரையீரலைச் சோதிக்கும் ஊதும் பரிசோதனைக்குப் போனேன். மூக்கில் ஒரு கவ்வியை மாட்டி, அட்டைக் குழாயை வாயில் கொடுத்து, நன்றாக இழுத்து ஒரே மூச்சில் ஊதச் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற பெண் "இன்னும், இன்னும், விடாதீர்கள்" என்று கத்துகிறாள். எனக்கோ கண் இருட்டுகிறது. மூன்று தடவை. முழுதாக ஊதிய காற்றில் முதல் நொடியிலேயே எவ்வளவு வெளியே வந்தது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். எழுபது சதவீதத்துக்குக் கீழே போனால் மூச்சுக்குழாயில் அடைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அறுபத்துநான்கு.

மருத்துவர் அடுத்துக் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை: "இதற்கு முன்னால் எப்போது ஊதினீர்கள்?" ஊதியதே இல்லை. இருபத்தைந்து வயதில் என் நுரையீரல் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வயதானால் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். குறைந்தது இயல்பான வேகத்திலா, அதைவிடக் கூடுதலாகவா என்று பார்க்கப் பழைய காகிதம் வேண்டும். நான் வேலை செய்த இடத்தில் அந்தப் பேச்சே எழவில்லை. நானும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் சிகரெட் குடித்தவன் வேறு. எது எவ்வளவு தின்றது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். ஆகையால் முழுப் பழியையும் நான் ராடின் மேல் போடவில்லை.

எக்ஸ்ரேயில் சில புள்ளிகள் தெரிந்தன. படிந்த இரும்பாம். அது மட்டும் என்றால் பெரிய தொந்தரவு தராது, புகையை விட்டு விலகினால் வருடப்போக்கில் மங்கவும் கூடும் என்றார். அம்மாவுக்கு அந்தப் புள்ளிகள்தான் பயம். எனக்குப் படி ஏறும்போது வரும் இளைப்புதான்.

உனக்கு நினைவிருக்காது, நீ சின்னப் பையன். துத்தநாகப் பூச்சுக் குழாய்களை நாள் முழுக்கப் பற்றவைத்துவிட்டு வருவேன். ராத்திரி குளிர் தூக்கிப்போடும், வாயெல்லாம் உலோகச் சுவை, எலும்பு முறிகிற வலி. ஓரிரு நாளில் சரியாகிவிடும். விடுமுறை கழிந்து முதல் நாள் வேலையில்தான் அதிகம் வரும், ஏனென்றால் இடையில் உடம்பு பழக்கத்தை மறந்துவிடுகிறது. "பழகிவிட்டான்" என்று சக வெல்டர்கள் சொல்லும்போது பெருமையாக இருந்தது. அட மடையா என்று இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன்.

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் ஆபத்து, நான் செய்வது சாதா இரும்பு, மைல்டு ஸ்டீல்" என்றாயே, அந்த வாதத்தை விட்டுவிடு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகையில் குரோமியமும் நிக்கலும் வருவது உண்மைதான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1989இல் வெல்டிங் புகையைப் "புற்றுநோய் தரக்கூடும்" என்ற வரிசையில் வைத்தது; 2017இல் "தரும்" என்ற முதல் வரிசைக்கு ஏற்றிவிட்டது. எந்த உலோகம் என்று பிரிக்கவில்லை. 2019இல் பிரிட்டன் மைல்டு ஸ்டீலுக்கும் சேர்த்தே விதியை இறுக்கியது. கதவைத் திறந்து வைத்தேன், காற்றோட்டம் இருக்கிறது என்ற சமாதானம் அங்கே செல்லாது.

படத்தில் உனக்குப் பின்னால் ஒரு புகை உறிஞ்சு குழாய் தெரிகிறது, சுவரைப் பார்த்துத் திரும்பியபடி. அதை இழுத்து வேலைக்குப் பக்கத்தில் வை. குழாயின் வாய் ஒரு சாண் அகலம் என்றால், ஒரு சாண் தள்ளிப் போனாலே இழுப்பு பத்தில் ஒன்றாகிவிடும். மூட்டுக்கு மூட்டு நகர்த்துவது எரிச்சல்தான், தெரியும். முகத்தைப் புகைக்குப் பக்கவாட்டில் வைத்துக்கொள். தொட்டிக்குள்ளே இறங்கச் சொன்னால் மட்டும் என்னைக் கேட்காமலே மறுத்துவிடு, உள்ளே காற்றை அளந்து பார்த்து, வெளியே ஓர் ஆள் நின்றால் ஒழிய. வெல்டிங்கில் விடும் ஆர்கான் வாயு காற்றைவிடக் கனம், மூச்சுக்கான காற்றைத் தள்ளிவிட்டு அடியில் தேங்கி நிற்கும், வாசனையும் கிடையாது.

நிமோனியா தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேள். உலோகப் புகையில் இருப்பவர்களை நிமோனியா எளிதில் பிடிக்கிறது.

இந்த மாதத்துக்குள் நீ ஒரு தடவை ஊதிவிடு. நன்றாகத்தான் வரும், உன் வயதுக்கு வரவேண்டும். அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து எனக்கும் அனுப்பு. வருடம் எழுதி என் பெட்டியில் வைத்துக்கொள்கிறேன், நீ எப்படியும் தொலைத்துவிடுவாய்.

தாடி உனக்கு நன்றாக இருக்கிறது என்று அம்மா சொன்னாள். எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் தாடிக்கு மேல் வடிகட்டி முகமூடி ஒட்டாது, ஓரத்தில் புகை புகுந்துவிடும். ஒன்று அதை எடுத்துவிடு, இல்லையென்றால் வடிகட்டிய காற்றை உள்ளே ஊதிக்கொண்டிருக்கும் தளர்வான ஹெல்மெட்டை மேலாளரிடம் கேள். கேட்கக் கூச்சமாக இருந்தால் சொல், கேட்கவேண்டிய வார்த்தைகளை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா