ஆபரேஷனைத் தள்ளிப் போடாதே, மகளே

கீழக்கரை

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ போனில் சொன்னதை உம்மா சொன்னாள். “நாற்பதுகூட ஆகவில்லை, இப்பவே இடுப்பு மூட்டை மாற்றினால் வயசான காலத்தில் என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு பத்து வருஷம் ஓட்டிவிடுகிறேன்” என்றாயாம். அந்தப் பத்து வருஷத்தை வலிக்குக் கொடுக்க வேண்டாம், மகளே.

வயசாகி மூட்டு தேய்ந்தவர்களுக்குச் சொல்கிற கணக்கு உனக்குப் பொருந்தாது. உனக்கு இருக்கிற முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்கி, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. நாள் போகப் போக இடுப்புக் குழியின் எலும்பு மெலிந்து தொடை எலும்பின் பந்து உள்ளே அமுங்கலாம், தொடைச் சதையும் வற்றும். அப்புறம் செய்கிற ஆபரேஷன் இன்னும் சிரமம். 2019-ல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் வந்த ஆய்வில், மாற்றிய இடுப்பு மூட்டுகளில் நூற்றுக்கு 58 வரை 25 வருஷம் தாங்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தேய்மானக்காரர்கள், அது உண்மை. உனக்கு இன்னொரு ஆபரேஷன் வரலாம். வரட்டும், அதுவரை பிள்ளைகளோடு நடந்து திரிவாயே.

கவனமாக இருக்க வேண்டியது கிருமித் தொற்றில்தான். உன் நோய்க்கும் மருந்துக்கும் அந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். பல்லில் சீழ், சிறுநீரில் தொற்று ஏதும் இருந்தால் முன்னாலேயே சரி பண்ணிக்கொள். ஆபரேஷன் என்றதும் எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. கேட்காதே. வாரம் ஒரு முறை போடும் மெத்தோட்ரெக்சேட்டைப் பொதுவாக நிறுத்துவதில்லை. ஸ்டீராய்டைத் திடீரென்று விடவே கூடாது. எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற பயாலஜிக் ஊசியைத் தள்ளிவைத்து, புண் ஆறியபின் மறுபடி போடுவார்கள். உன் வாத டாக்டரும் எலும்பு டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். கழுத்து எக்ஸ்ரேயும் கேள். இந்த நோய் கழுத்தெலும்பைத் தளர்த்தியிருந்தால், மயக்க மருந்துக் குழாய் போடும்போது கழுத்தை அவர்கள் பார்த்துத்தான் அசைக்க வேண்டும்.

விரல்கள் வளைந்திருப்பதால் சாதாரண வாக்கரை நீ இறுக்கிப் பிடிக்க முடியாது. முழங்கையை வைத்து ஊன்றுகிற வாக்கர் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கச் சொல்லி மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்ததும் மதுரையில் மாடிப்படி ஏறி இறங்க வேண்டாம், இங்கே வந்துவிடு. கீழ் அறையில் உயரமான கட்டில் போட்டாயிற்று. வெஸ்டர்ன் கக்கூஸ் வைத்து, பக்கத்தில் கைப்பிடியும் அடித்தாயிற்று. கடற்காற்று ஈரத்தில் முற்றம் வழுக்கும், அங்கேயும் கைப்பிடி வருகிறது. கீழே உட்கார்ந்து எல்லோருமாகச் சஹன் தட்டில் சாப்பிடுவதெல்லாம் கொஞ்ச நாளைக்கு இல்லை. தொழுகையில் நெற்றி தரையில் பட சுஜூது செய்ய முடியாதே என்று கலங்காதே, முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து தொழலாம். கால் மேல் கால் போடாமல் பார்த்துக்கொள்ள உம்மா இருக்கிறாள், உனக்கே தெரியும் அவள் கண்டிப்பு.

இந்த வாரமே டாக்டரிடம் தேதி கேட்டுச் சொல். முதல் நாளே நானும் உம்மாவும் வந்துவிடுகிறோம்.

வஸ்ஸலாம்,
வாப்பா