குளத்தோர விளக்குகளைக் கீழே திருப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கினால் கிளிநொச்சிக் குளத்துக்கும் இரணைமடுவுக்கும் கமராவோடு வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் பறக்கிற படம் வேண்டுமென்று பறவைக் கூட்டத்துக்கு மேலே ட்ரோன் விடுவதும் கல்லெறிவதும் என்ன பழக்கம்? சைபீரியாப் பக்கமிருந்து வன்னிக்கு வருகிற ஊசிவால் வாத்து இரை தின்று உடம்பு தேற்றுகிற காலம் இது, ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அது சேர்த்த கொழுப்புத்தான் எரிகிறது. கரையில் குந்தி, கமராவைத் தண்ணீர் மட்டத்துக்குப் பதித்து, வெயில் ஏறமுன் பேசாமல் இருங்கள், தானாகவே கிட்ட வரும்.

அப்புறம் இரவு. மழை கழுவிவிட்ட வானத்தில் மிருகசீரிடத்தை முக்காலியில் கமரா வைத்து 15, 20 செக்கன் திறந்துவிட்டால் டவுனுக்குள் நின்றே எடுக்கலாம், புதிதாகப் பூட்டுகிற வெள்ளை எல்இடி விளக்குகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காவிட்டால். நீலம் கூடிய வெள்ளை ஒளி காற்றில் அதிகம் சிதறும், மஞ்சள் அவ்வளவு இல்லை. விளக்கை அணைக்கச் சொல்லவில்லை, பாம்பும் யானையும் திரிகிற இடம். மேலே ஒரு மூடி போட்டு, றோட்டைப் பார்க்கத் திருப்பினால் சரி. டிசம்பர் 13, 14இல் ஜெமினிட் எரிகற்கள் உச்சம், அதற்குமுன் குளத்தோர விளக்குகளையாவது செய்யலாமே.

இப்படிக்கு,
கிளிநொச்சி வாசகன்