செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: மீட்பு நாய்களும் அவை செய்யும் தெரபி வேலையும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த வேலைகளை இந்த அறிக்கையில் தருகிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தணிக்கை செய்த கணக்கின் நகல் வாசல் மேசையில் இருக்கிறது. தெரு நாய்களைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் கொண்டுபோய் விடும் வேலை வழக்கம்போல் நடந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது குட்டிகளுக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இந்த ஆண்டு நம் நேரமும் மனசும் பெரும்பாலும் போனது தெரபி நாய்கள் பக்கம்தான், அதாவது முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி போன்ற இடங்களுக்குப் போய் அங்கே இருப்பவர்களுக்குத் துணையாக இருக்கும் நாய்கள். அதனால் அதைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் மணியின் செய்தி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் ஒரு மாடிப்படியில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டி என்று பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். இப்போது பத்து வயதை நெருங்குகிறான். முகவாய் முழுக்க நரைத்துவிட்டது, பின்னங்கால் மூட்டில் வலி இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் சொன்னார். ஆகவே மணிக்கு ஓய்வு கொடுக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. முதியோர் இல்லத்துக்கும் சிறப்புப் பள்ளிக்கும் நம் சங்கம் போக முடிந்ததே மணியால்தான். நாட்டு நாயை உள்ளே விட மாட்டோம், லாப்ரடார் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று சொன்ன இடங்களும் உண்டு. அந்த எண்ணத்தை நாங்கள் பேசி மாற்றவில்லை. மணி போய் உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

இந்த ஆண்டு மணி செய்த வேலையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். முதியோர் இல்லத்தில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். தோளைத் தூக்கும் பயிற்சி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிசியோதெரபிஸ்ட்தான் யோசனை சொன்னார்: சீப்பு பிரஷ்ஷை அவர் வலது கையில் பட்டை போட்டுக் கட்டுவோம், மணியை நாற்காலிக்கு வலப்பக்கம் நிறுத்துவோம், முதுகைச் சீவச் சொல்வோம். முதல் வாரம் பிரஷ் மணியின் மேல் சும்மா கிடந்தது. அடுத்தடுத்த வாரங்களில் கழுத்திலிருந்து இடுப்பு வரை இழுத்தார். அப்புறம் கையைத் தூக்கித் திரும்பக் கழுத்துக்குக் கொண்டுபோக வேண்டும் இல்லையா, அதுதான் பயிற்சியே. அவர் அதைப் பயிற்சியாக நினைக்கவில்லை. "இன்னைக்கு முடி நிறைய கொட்டுதே, தண்ணி சரியா குடிக்கிறானா?" என்று எங்களைக் கேட்டார். தன் உடம்பைப் பற்றி மட்டுமே எல்லோரும் விசாரிக்கும் இடத்தில், அவர் இன்னொரு உயிரின் உடம்பை விசாரித்தார். எனக்கு இந்த வேலையில் பெரிய சந்தோஷம் அதுதான்.

அந்த முன்னேற்றத்துக்குக் காரணம் பிசியோதெரபிஸ்டின் வேலையும் பெரியவரின் முயற்சியும்தான். நாய் நோயைக் குணமாக்கும் என்று நம் துண்டறிக்கை எதிலும் எழுதக் கூடாது என்பது இந்த ஆண்டு எடுத்த முடிவு. நாய் செய்வது வேறு. 2019-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. பத்து நிமிடம் நாய், பூனைகளைத் தடவிக் கொஞ்சியவர்களின் எச்சிலில் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. மற்றவர்கள் கொஞ்சுவதை வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கும், படம் மட்டும் பார்த்தவர்களுக்கும் அது அந்த அளவுக்குக் குறையவில்லை. கையால் தொடுவதில்தான் விஷயம் இருக்கிறது. இல்லங்களில் இருக்கும் முதியவர்களை யார் தொடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ரத்த அழுத்தம் பார்க்கவும், ஊசி போடவும், உடை மாற்றவும் தொடுகிறார்கள். அன்பாகத் தொடுவதற்கு அங்கே ஆள் குறைவு.

இந்த வேலை எங்கிருந்து வந்தது என்று புதிய உறுப்பினர்கள் கேட்டார்கள். நியூயார்க்கில் குழந்தை உளவியலாளராக இருந்த போரிஸ் லெவின்சன், யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுவன் லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸிடம் ஒட்டிக்கொண்டதைப் பார்த்து, 1960-களின் தொடக்கத்தில் அதைப் பற்றி எழுதினார். சக நிபுணர்கள் அப்போது சிரித்தார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கும் முந்தைய ஸ்மோக்கியின் கதை. 1944-இல் நியூ கினி காட்டில் போர்க்குழி ஒன்றில் கைவிடப்பட்டுக் கிடந்த யார்க்‌ஷயர் டெரியர் அவள். எடை இரண்டு கிலோகூட இல்லை. பில் வின் என்ற அமெரிக்க வீரர் எடுத்து வளர்த்தார். அவர் காய்ச்சலில் படுத்தபோது நண்பர்கள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செவிலியர்கள் மற்ற காயம்பட்ட வீரர்களிடமும் கூட்டிப்போனார்கள். முதல் தெரபி நாய் என்று பலரும் சொல்வது இவளைத்தான். ஆக, இந்த வேலையின் தொடக்கத்திலேயே ஒரு மீட்பு நாய் இருக்கிறது.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. விலங்கு நலப் பணியாளர் ஜில் ராபின்சன் 1991-இல் ஹாங்காங்கில் தொடங்கிய 'டாக்டர் டாக்' என்ற தெரபி நாய்த் திட்டத்தைச் சென்னையில் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு எடுத்து நடத்தியது. 1964-லேயே தெரு நாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று ஆரம்பித்ததும் அதே ப்ளூ கிராஸ்தான். சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. தெரு நாய் விஷயத்தில் பொறுமை வேண்டும் என்று நான் அடிக்கடி சொல்வது இதை வைத்துத்தான்.

இனி செல்லம்மா என்ற நாயின் செய்தி. ஜி.எஸ்.டி. சாலையில் லாரி அடித்து, பின்னங்கால் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. ஆறு மாதத்துக்கு மேல் வீட்டில் இருந்து, குணமாகி, மனிதர்களிடம் ஓடிப்போய் நிற்கும் அவள் சுபாவத்தைப் பார்த்த பிறகுதான் தெரபி வேலைக்கான தேர்வுக்கு எடுத்தோம். அந்த ஆறு மாதக் கணக்கு நாமாகப் போட்டதில்லை. அமெரிக்காவின் பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு, நாய்க்கு ஒரு வயதாவது ஆகியிருக்க வேண்டும், கூட்டிவருபவரோடு ஆறு மாதமாவது வாழ்ந்திருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. நாமும் அதையே வைத்துக்கொண்டோம். பச்சை இறைச்சி தின்னும் நாய் வரக் கூடாது என்ற அவர்கள் விதியும் நமக்கு உண்டு. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் இடத்துக்குக் கிருமியைக் கொண்டுபோகக் கூடாது.

தேர்வில் என்ன பார்க்கிறோம் என்று கேட்பவர்களுக்கு: வாக்கர், சக்கர நாற்காலி பக்கத்தில் வரும்போது நாய் என்ன செய்கிறது, பின்னால் எவர்சில்வர் தட்டு விழுந்தால் எவ்வளவு சீக்கிரம் சமாளித்துக்கொள்கிறது, கை சரியாக வராதவர்கள் காதை அழுத்திப் பிடித்தால் விலகுகிறதா உறுமுகிறதா. எல்லாவற்றுக்கும் மேலாக 'விடு' என்றால் விட வேண்டும். ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் தரையில் மாத்திரை கிடக்கும். அதை ஒரு நாய் நக்கிவிட்டால் அதன் உயிருக்கே ஆபத்து. செல்லம்மா தட்டுச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தாள், வந்து தட்டை மோந்தாள், வாலை ஆட்டினாள். அன்றைக்கே பாஸ்.

சர்க்கரை நோயால் கால் எடுத்தவர்களுக்குச் செயற்கைக் கால் பயிற்சி தரும் மையத்துக்கு அவள் போகிறாள். அங்கே யாருக்கும் நாங்கள் புத்திமதி சொல்வதில்லை. செல்லம்மா மூன்று காலோடு தாவித் தாவி நடைப் பயிற்சிக் கம்பிகளுக்கு நடுவே போவாள், கடைசியில் திரும்பி நின்று பார்ப்பாள். அந்தப் பக்கம் நிற்பவர் வருவார். சில நாள் வர மாட்டார். அப்போது அவள் போய் அவர் பக்கத்திலேயே படுத்துக்கொள்வாள்.

டைகர் தேர்வில் தேறவில்லை என்று அவனை வளர்க்கும் அண்ணனுக்கு வருத்தம். வருத்தப்பட ஒன்றுமே இல்லை என்பதை இந்தக் கூட்டத்திலும் பதிவு செய்கிறேன். கம்பால் அடிபட்டு வளர்ந்த நாய் அவன். கைத்தடியைக் கண்டால் ஒடுங்கிவிடுகிறான். முதியோர் இல்லம் முழுக்கக் கைத்தடி. அவனுக்கு அங்கே என்ன வேலை? வீட்டில் சோபாவில் மல்லாந்து தூங்குகிறானே, அதற்காகத்தான் அவனை மீட்டோம். மீட்பு நாய் நன்றிக்கடன் தீர்க்க வேண்டியதில்லை. மீட்கும் நாய் எல்லாம் தெரபி வேலைக்கு வர வேண்டும் என்று சில உறுப்பினர்கள் ஆர்வத்தில் பேசுகிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. பிடித்த நாய் மட்டும் வந்தால் போதும்.

வந்த நாய்க்கும் போதும் என்று சொல்ல உரிமை உண்டு. தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்ப்பது, நனையாமலே உடம்பை உதறுவது: இதில் இரண்டைப் பார்த்தால் கூட்டிவந்தவர் எழுந்துவிட வேண்டும். எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் சரி. நாய் வாய் திறந்து சிரிப்பது போலப் படத்தில் தெரிவது பல நேரம் களைத்து மூச்சு வாங்குவதுதான். ஒரு நிறுவனத்தில் விழா வைத்து, பிள்ளைகள் கூட்டமாகச் சுற்றி நிற்க நாயை நடுவில் விட்டுப் படம் எடுக்கக் கேட்டார்கள். மறுத்தோம். அவர்கள் வற்புறுத்தவே அங்கே போவதை நிறுத்திக்கொண்டோம். செயற்குழு ஒருமனதாக எடுத்த முடிவு அது.

அதே போல, நாய் வேண்டாம் என்பவரின் விருப்பமும் நமக்கு முக்கியம். முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி, நாய் தொட்டால் குளிக்க வேண்டும் என்பவர். அவர் இருக்கும் வராந்தா பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவோம். இப்போது அவரே டீக்குக் கொடுக்கும் பொறையில் ஒன்றை மணிக்கு என்று எடுத்துவைக்கிறார். தானாகக் கொடுக்க மாட்டார். நம் தொண்டரிடம் கொடுத்து, தட்டில் போடச் சொல்லி, தின்று முடிக்கும் வரை தூரத்திலிருந்து பார்ப்பார். அது அவருக்குப் போதும், மணிக்கும் போதும்.

பாதுகாப்பு விஷயத்தில் யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. உலகில் வெறிநாய்க்கடியால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாயை வெறுப்பவர்களை மட்டும் குறை சொல்லி இதைத் தாண்டிப்போக முடியாது. மக்களின் பயம் நியாயமானது. ஆண்டுதோறும் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி சோதனை, போவதற்கு முந்தின நாள் குளியல், வெட்டிய நகம், தொடுபவருக்கு முன்னும் பின்னும் கை சுத்தம். ஆறாத புண் இருப்பவரிடமும் ஒவ்வாமை உள்ளவரிடமும் நாய் போகாது. தடுப்பூசி அட்டை கையில் இல்லையென்றால் எவ்வளவு பழைய நாயாக இருந்தாலும் வாசலோடு திரும்ப வேண்டும். அக்னி நட்சத்திரத்திலும் தீபாவளி வாரத்திலும் வேலை கிடையாது. தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்கள் கை தாங்காவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

சிறப்புப் பள்ளியில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு நடக்கும் வேலையை இந்த ஆண்டு விரிவுபடுத்தவில்லை. அங்கே படச் சீட்டு காட்டினால் நாய் உட்காரும், எழும். பேசாத பிள்ளையின் சொல்லுக்கு ஒருவர் உடனே கட்டுப்படுகிறார் என்பதை அந்தப் பிள்ளை கண்டுகொள்ளும் நேரம் பார்க்கக் கிடைக்காத காட்சி. இன்னும் செய்ய ஆசைதான், ஆனால் மணி ஓய்வு பெற்ற பிறகு அந்த அமைதியுள்ள நாய் நம்மிடம் இப்போது இல்லை. அவசரத்துக்கு ஒன்றைத் தயார் செய்ய மாட்டோம்.

அறிக்கை ஆண்டுக்குப் பிறகு நடந்தது என்றாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை, வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம், தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வரக் கூடாது என்றும் சொன்னது. தத்து கொடுக்கும்போது நாம் எழுதி வாங்கும் உறுதிமொழியில் இந்த வரியையும் சேர்க்கிறோம்.

வரும் ஆண்டுக்கு மூன்று தேவைகள். ஒன்று, வார நாள் காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய தொண்டர்கள்; நாய் இல்லாதவர்களும் வரலாம், வராந்தாவில் பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும். இரண்டு, தற்காலிகமாக நாய் வைத்துக்கொள்ளத் தரைத்தள வீடுகள், முக்கியமாக மழைக்காலத்துக்கு. மூன்று, ஓய்வு பெறும் நாய்களின் மருத்துவச் செலவுக்குத் தனி நிதி. மணியின் மூட்டு மருந்துக்கு அவனை வளர்க்கும் குடும்பமே இதுவரை செலவு செய்கிறது. சங்கத்துக்காக இத்தனை ஆண்டு உழைத்தவனுக்குச் சங்கம் கொடுப்பதுதான் முறை என்பது என் கருத்து. தீர்மானமாக இன்று முன்வைக்கிறேன்.

இலவசமாகப் பார்த்துத் தரும் கால்நடை மருத்துவர்களுக்கும், பிசியோதெரபிஸ்டுகளுக்கும், நாயைக் குளிப்பாட்டி, துவட்டி, பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று தங்கள் வண்டியிலேயே கூட்டிவரும் குடும்பங்களுக்கும் சங்கத்தின் நன்றி. இந்த அறிக்கையையும் ஓய்வு பெற்ற நாய்கள் நிதித் தீர்மானத்தையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
தாம்பரம், செப்டம்பர் 2025